பிடித்த காற்று குழாயிலேயே நிற்க வேண்டுமே!

சிங்கப்பூரின் துவாஸில் பெயிண்ட் அடிக்கும் இடமொன்றின் காற்றில், பெயிண்ட் கரைப்பானான டொலுவீனின் ஆவி எவ்வளவு இருக்கிறது என்று அளக்கப் போகிறீர்கள் என வைத்துக்கொள்வோம். பம்ப்பை ஓட்டிக் காற்றை இழுப்பது எளிது. இழுத்தது ஆய்வுக்கூடம் போய்ச் சேரும்வரை உறிஞ்சு குழாயை (ஆவியைப் பிடித்துவைக்கும் பொருள் அடைத்த சிறு குழாய்) விட்டுப் போகாமல் இருக்க வேண்டும், சிக்கல் அங்கேதான்.

முதலில் குழாய். டொலுவீன், சைலீனுக்குக் கரிக்குழாய் போதும். உள்ளே இருப்பது பெரும்பாலும் நம்ம தேங்காய்ச் சிரட்டைக் கரிதான்: காற்று முதலில் நுழையும் முன்பகுதியில் 100 மில்லிகிராம், பின்பகுதியில் 50. மிக நுண்ணிய அளவைத் தேடினால் டெனாக்ஸ் டிஏ என்ற பாலிமர் அடைத்த குழாய். அதை முன்கூட்டியே 300 டிகிரிக்கு மேல் (350-ஐத் தாண்டாமல்) சூடாக்கி, நைட்ரஜன் ஓடவிட்டுச் சுத்தம் செய்து, ஆறியதும் பித்தளை மூடி போடுங்கள். ஓசோன் பட்டால் டெனாக்ஸே சிதைந்து பென்சால்டிஹைடைத் தரும். அது காற்றில் இருந்தது என்று ஏமாந்துவிடாதீர்கள்.

அப்புறம் பம்ப். குழாயை மாட்டிய நிலையிலேயே, வேலைக்கு முன்னும் பின்னும் ஓட்டத்தைச் சரிபாருங்கள். கரிக்குழாய்க்கு நிமிடத்துக்கு 0.2 லிட்டருக்கு மேல் வேண்டாம்.

நம் ஊரில் பெரிய தொல்லை ஈரம். கரி நீராவியையும் பிடித்துக்கொள்ளும், டொலுவீனுக்கு இடம் குறையும். மழை நாளில் குறைவாகவே இழுங்கள். ஏர்கான் வேனிலிருந்து எடுத்த குழாயை உடனே திறந்தால் உள்ளே நீர் படியும், வெளிச்சூட்டுக்கு வரட்டும்.

முடிந்ததும் இரு முனைகளையும் மூடி, கரைப்பான்கள் இல்லாத குளிர்பெட்டியில் வைத்து, சீக்கிரம் அனுப்புங்கள். ஆய்வில் பின்பகுதியில் இருப்பது முன்பகுதியில் இருப்பதில் 10 சதவீதத்தைத் தாண்டினால் அந்த மாதிரியை நம்பாதீர்கள். குழாய் நிரம்பி வழிந்திருக்கலாம். மூடிய குழாயைச் சூட்டில் நாள்கணக்கில் போட்டுவைத்தாலும் முன்னிருந்தது மெல்லப் பின்னுக்கு நகரும்.

கடைசியாக வெற்றுக் குழாய். களத்தில் திறந்து, காற்று இழுக்காமல் மூடி, மற்றவற்றோடே அனுப்புங்கள். இதைத் தவிர்க்க நினைப்பவர்களுக்கு என் கதை: ஒரு முறை என் டெனாக்ஸ் குழாய்கள் எல்லாவற்றிலும் மெந்தால் வந்தது. பட்டறையில் ஏது மெந்தால் என்று குழம்பினேன். வெற்றுக் குழாயிலும் அதே மெந்தால். காலையில் எம்ஆர்டி ரயிலில் தலைவலி என்று நெற்றியில் தைலம் தேய்த்திருந்தேன், அதே விரல்களால்தான் எல்லா மூடிகளையும் திறந்தேன்.