முதலில் தாளில் ஓட்டிப் பாருங்கள்: கணினி அறிவியல் பட்டம் படிக்க ஒரு வழி

சோமனூர் பக்கத்தில் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து, பி.இ. கணினி அறிவியலில் சேர்ந்தவள் நான். முதல் ஆண்டிலேயே 'சி' என்ற நிரல் மொழிப் பாடத்தில் அரியர் விழுந்தது. ரெக்கார்டு நோட்டில் இருந்த நிரல்கள் அத்தனையையும் ஓர் எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்திருந்தேன். தேர்வில் ஒரே ஒரு வரியை மாற்றிக் கேட்டிருந்தார்கள். கை நின்றுவிட்டது. அந்த அரியரை முடிப்பதற்காகப் பழகிக்கொண்ட முறைதான் கடைசி செமஸ்டர் வரை எனக்குக் கைகொடுத்தது. இந்த ஆண்டு சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக அதை எழுதுகிறேன்.

எந்த நிரலையும் கணினியில் ஓட்டுவதற்கு முன் தாளில் ஓட்டிப் பாருங்கள். 1 முதல் 5 வரை கூட்டும் சிறிய நிரலில் தொடங்கலாம். ஒவ்வொரு மாறிக்கும், அதாவது மதிப்பை வைத்திருக்கும் ஒவ்வொரு பெயருக்கும், ஒரு கட்டம் போடுங்கள். மதிப்பு மாறும்போது பழையதை அழிக்காதீர்கள். மேலே ஒரு கோடு கிழித்துவிட்டு, அதன் கீழே புதியதை எழுதுங்கள். சுற்று தொடர்வதற்கான நிபந்தனையில் 'சிறியது அல்லது சமம்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'சிறியது' என்று மட்டும் போட்டுவிட்டால், 15 வர வேண்டிய இடத்தில் 10 வரும். கணினி 10 என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். எந்தச் சுற்று விட்டுப்போனது என்பது உங்கள் தாளில் தெரியும்.

பாயின்டரைக் கண்டுதான் பலரும் மிரள்கிறார்கள். நானும் மிரண்டேன். இரண்டு எண்களை இடம் மாற்றும் ஃபங்ஷனை எழுதி, அழைத்துப் பார்த்தால் எண்கள் மாறாமல் அப்படியே இருக்கும். ஏன் என்று இரண்டு வாரம் புரியவில்லை. தினசரி நாள்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தை எடுத்துக்கொண்டேன். நிரல் தொடங்கும் 'மெயின்' ஃபங்ஷனுக்கு ஒரு தாள்; அதில் 5, 7 என்று இரண்டு கட்டங்கள். ஃபங்ஷனை அழைத்ததும் மேலே இன்னொரு தாள்; அதிலும் 5, 7. இரண்டாவது தாளில்தான் இடமாற்றம் நடக்கிறது. ஃபங்ஷன் முடிந்ததும் அந்தத் தாளை எடுத்துவிட வேண்டும். கீழே இருக்கும் தாளை யாரும் தொடவே இல்லை! மதிப்புக்குப் பதிலாகக் கட்டத்தின் கதவு எண்ணைக் கொடுத்து அனுப்பினால், மேல் தாளில் இருந்துகொண்டே கீழ் தாளின் கட்டத்தை மாற்றலாம். பாயின்டர் என்பது அந்தக் கதவு எண்தான். ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைக்கும் ரிகர்ஷனும் இதே தாள்களில் விளங்கிவிடும்: ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு தாளை அடுக்குங்கள், விடை வரும்போது மேலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள்.

ரெக்கார்டு நோட்டு நிரலை ஓட்டி, சரியான விடை வந்ததும் மூடிவிடாதீர்கள். அது எங்கே உடைகிறது என்று தேடுங்கள். 1 முதல் கொடுத்த எண் வரை எல்லாவற்றையும் பெருக்கும் ஃபேக்டோரியல் நிரலுக்கு எல்லோரும் 5 கொடுப்பார்கள், 120 வரும். 12 கொடுங்கள், 47,90,01,600 வரும், சரிதான். 13 கொடுங்கள். வர வேண்டியது 622,70,20,800. முழு எண்ணுக்கான 'இன்ட்' வகை மாறியில் எழுதியிருந்தால் திரையில் பெரும்பாலும் வருவது 193,20,53,504. 32 பிட் 'இன்ட்' மாறியில் அடங்கும் மிகப் பெரிய எண் 214,74,83,647 என்பதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, இப்படிக் கண்ணால் பார்ப்பது வேறு. வைவா என்ற வாய்மொழித் தேர்வில் உங்களை நிமிர்ந்து பேச வைப்பது இந்தப் பரிசோதனைகள்தான்.

ஆங்கிலம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழ் வழியில் வந்தவர்களைத் தடுமாற வைப்பது 'அல்காரிதம்', 'கம்பைலர்' போன்ற சொற்கள் அல்ல. அவை வகுப்பில் எல்லோருக்குமே புதியவை. 'ரெஸ்பெக்டிவ்லி', 'சப்சீக்வென்ட்', 'வேர்ஆஸ்' போன்ற இணைப்புச் சொற்கள்தான் பத்தியின் பொருளையே மறைத்துவிடும். அவற்றை மட்டும் ஒரு சிறு நோட்டில் எழுதிவையுங்கள். எனக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்றே போதுமானதாக இருந்தது. பத்தியின் ஓரத்தில் அதன் சாரத்தைத் தமிழில் ஒரு வரி எழுதுங்கள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் நீங்களே விடை எழுதுங்கள்.

ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிக் காணொளிப் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, கேட்டதை எழுதிப் பாருங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் நிரல் எழுதித் தரச் சொல்லாதீர்கள், குறைந்தது முதல் இரண்டு ஆண்டுகளாவது. பிழை எங்கே என்று நீங்கள் நினைப்பதை முதலில் எழுதிவிட்டு, அதன் பிறகு கேளுங்கள்.

இரண்டாம் ஆண்டிலிருந்து உங்கள் வீட்டுக்கு உண்மையில் தேவைப்படும் ஒன்றைச் செய்யுங்கள். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். எத்தனை மீட்டர், மீட்டருக்கு எவ்வளவு கூலி, முன்பணம் எவ்வளவு என்று சனிக்கிழமைதோறும் நோட்டில் எழுதுவார். அந்தக் கணக்குக்கு 'சி'-யில் ஒரு நிரல் எழுதினேன். ஆண்டு மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டியபோது, என் விடைக்கும் அப்பாவின் நோட்டுக்கும் சில பைசா வித்தியாசம் வந்தது. அப்பா தன் கூட்டலை இரண்டு முறை சரிபார்த்தார். தவறு என்னுடையது. கூலியைத் தசம எண்ணுக்கான 'ஃப்ளோட்' வகை மாறியில் வைத்திருந்தேன். ஏறத்தாழ ஏழு இலக்கம்வரைதான் அது துல்லியமாகப் பிடித்துவைக்கும். பத்தில் ஒரு பங்கைக்கூட, 0, 1 மட்டும் கொண்ட இரும எண்ணில் முடிவில்லாமல்தான் எழுத முடியும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. எல்லாத் தொகையையும் பைசாவாக மாற்றி முழு எண்ணாகவே வைத்தேன். அச்சிடும்போது மட்டும் 100-ஆல் வகுத்தேன். அடுத்த சனிக்கிழமை அப்பா நோட்டைப் பார்த்து ஒவ்வொரு வரியாகப் படித்தார், நான் திரையைப் பார்த்துச் சரி சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசி வரியில் பைசா வரை பொருந்தியது.