காசு வந்துவிட்டதா? ஒன்லைன் கடை நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பனங்கட்டி, மிளகாய்த்தூள், பருத்தித்துறை வடை முதல் சாறி, நகை வரை யாழ்ப்பாணத்திலிருந்து இணையத்தில் விற்கப்படாத பொருள் இன்று குறைவு. அவ்விற்பனையில் ஒரு பகுதி, ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருப்பவர் காசு செலுத்த, பொதி கரவெட்டியிலோ கோண்டாவிலிலோ உள்ள உறவினர் வீட்டுக்குப் போகும் வகையைச் சேர்ந்தது. கடனட்டைக்குரிய முகவரியும் பொதி செல்லும் முகவரியும் வெவ்வேறாக இருந்தால் சந்தேகிக்க வேண்டும் என்பது மேல்நாட்டுக் கடைகளுக்குச் சொல்லப்படும் முதற் பாடம். நமது கடைகளிலோ அவை ஒன்றாக இருந்தால்தான் புதினம். ஆகவே திருடிய அட்டை விவரங்களோடு வருபவர், அம்மம்மாவின் பிறந்தநாளுக்குப் பரிசு அனுப்பும் பேரனிலிருந்து வேறுபட்டுத் தெரிவதில்லை.

இங்கே நிகழும் பெரிய தவறு, 'கொடுப்பனவு வெற்றி' என்ற செய்தியைக் கண்டதும் காசு நமக்குச் சொந்தமாகிவிட்டது என்று கருதுவதுதான். அட்டையின் உண்மையான உரிமையாளர் தமது மாதக் கணக்கறிக்கையைப் பார்த்து, இதை நான் வாங்கவில்லை என்று தமது வங்கியிடம் முறையிடலாம். அதற்குப் பொதுவாக 120 நாள்கள் வரை அவகாசம் உண்டு. முறைப்பாடு ஏற்கப்பட்டால் தொகை கடைக்காரரின் கணக்கிலிருந்து திரும்ப எடுக்கப்படும், பொருளோ அதற்குள் கைமாறியிருக்கும். அட்டை உரிமையாளரிடம் ஓடிபி (கைத்தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு எண்) கேட்டு உறுதிசெய்யும் 3டி செக்கியூர் முறை வழியாக நடந்த கொடுப்பனவில் இத்தகைய இழப்பு பெரும்பாலும் அட்டை வழங்கிய வங்கியையே சாரும் என்பதால், அந்த வசதி தமது கடையில் இயங்குகிறதா என்பதை வங்கியிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வது ஒவ்வொரு கடைக்காரரும் உடனே செய்யத்தக்கது. சில வாடிக்கையாளர் ஓடிபி வரவில்லை என்று விட்டுப்போகிறார்கள் என்பதற்காக அதை நிறுத்திவைப்பது பொருத்தமான சிக்கனம் அன்று.

கேக்கையும் பூங்கொத்தையும் மோசடிக்காரர் பெரிதாக நாடுவதில்லை. உடனே விற்றுக் காசாக்கக்கூடிய கைத்தொலைபேசி, தங்க நாணயம் போன்றவற்றுக்கு முதன்முறை வாடிக்கையாளர் ஒருவர் பெருந்தொகையில் ஓடர் தந்து, இரண்டு மூன்று அட்டைகள் நிராகரிக்கப்பட்ட பின் நான்காவது அட்டையில் செலுத்தி, வீட்டில் ஆளில்லை, சந்தியில் வைத்து ஒருவர் வாங்கிக்கொள்வார் என்றும் சொன்னால், அந்தப் பொதியை ஒரு நாள் தாமதிப்பதில் எந்த நட்டமும் இல்லை. தவறுதலாகக் கூடுதலாகச் செலுத்திவிட்டேன், மிச்சத்தை இன்னொரு கணக்குக்கு அனுப்புங்கள் என்ற வேண்டுகோளும் இதே இனத்தது. செலுத்திய அட்டைக்கே அன்றி வேறெங்கும் காசைத் திருப்பக்கூடாது.

உள்ளூர் ஓடர்களில் ஏமாற்று வேறு வடிவம் எடுக்கிறது. வங்கிக்குக் காசு போட்டதாக வாட்ஸ்அப்பில் வரும் ஸ்கிரீன்ஷொட்டில் தொகையையும் திகதியையும் மாற்றுவதற்கு ஒரு கைத்தொலைபேசியும் ஐந்து நிமிடமும் போதும். வைப்புச் சிட்டை உண்மையானதாக இருந்தாலும், அது காசோலை வைப்புக்கான சிட்டையா என்று பார்க்க வேண்டும். காசோலை அடுத்த வேலை நாளில்தான் தீர்வாகும், திரும்பியும் வரலாம். நல்லூர்த் திருவிழாக் காலத்து நெருக்கடியில் படத்தைப் பார்த்தே பொதியைக் கட்டச் சொல்லும் வழக்கத்தை விட்டு, கணக்கில் தொகை சேர்ந்ததை வங்கிச் செயலியில் கண்டபின் கட்டுவது என்று விதி வைத்துக்கொள்ளலாம்.

இணையத்தளத்தைப் பொறுத்தவரை, ஊடுருவலுக்குப் பெரிய அறிவாளி தேவைப்படுவது அரிது. விலைகொடுத்து வாங்க வேண்டிய தீம்களையும் (தளத்தின் தோற்ற வார்ப்புகள்) பிளகின்களையும் (கூடுதல் வசதி தரும் சிறு மென்பொருள்கள்) இலவசமாகத் தரும் தளங்களிலிருந்து இறக்கினால், திருடனுக்கான கதவும் அவற்றோடு சேர்ந்து வந்துவிடுவதுண்டு. தளம் அமைக்கப் பலர் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருள் தானாகக் கடவுச்சொல் முயற்சிகளுக்கு வரம்பு விதிப்பதில்லை. வரம்பையும் இருபடி உறுதிப்பாட்டையும் (கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் முறை) நாமே சேர்க்க வேண்டும். அட்டை எண்களை நமது தளத்தில் வாங்கவோ சேமிக்கவோ கூடாது, அந்தப் பக்கத்தை வங்கியின் கொடுப்பனவுச் சேவையிடமே விட்டுவிட வேண்டும். 2018இல் பிரிட்டிஷ் எயார்வேஸ் தளத்தில் புகுத்தப்பட்ட வெறும் 22 வரிக் குறிமுறை, பயணிகள் தட்டச்சுச் செய்த அட்டை விவரங்களை அப்படியே வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது; 2020இல் அந்நிறுவனத்துக்கு 2 கோடி பவுண் தண்டம் விதிக்கப்பட்டது.

நம்மிடையே அதிகம் கவனிக்கப்படாத ஆபத்து ஒன்று உண்டு. தளத்தைச் செய்து தந்த தம்பியின் மின்னஞ்சலிலேயே டொமைன் பெயரும் (தளத்தின் இணைய முகவரி) ஹோஸ்டிங் கணக்கும் (தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் சேவைக் கணக்கு) பதிவாகியிருக்கும். அவர் வெளிநாடு போய்விட்டாலோ, அவருடைய மின்னஞ்சல் களவு போனாலோ, கடையின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்பதே தெரியாமற் போகும். இரண்டையும் உரிமையாளரின் பெயருக்கும் மின்னஞ்சலுக்கும் மாற்றி எடுக்க வேண்டும்; வேலையை விட்டுப்போன ஊழியரின் கணக்குகளையும் அன்றே நீக்க வேண்டும். முகநூல் பக்கத்திலும் வாட்ஸ்அப்பிலும் மட்டுமே விற்பவர்களுக்கோ அந்தக் கணக்குத்தான் கடை. உங்கள் பக்கம் முடக்கப்படப்போகிறது, இந்த இணைப்பை அழுத்துங்கள் என்ற செய்திக்கும், தவறுதலாக வந்த ஆறிலக்க எண்ணைச் சொல்லுங்கள் என்ற அன்பான வேண்டுகோளுக்கும் பதில் எழுதாதிருந்தால், அந்தக் கணக்குகள் பறிபோகும் வாய்ப்பு பெருமளவு குறையும்.

ஊடுருவல் நடந்துவிட்டால் பலர் பதற்றத்தில் தளத்தை முழுவதுமாக அழித்து மீண்டும் நிறுவுகிறார்கள். அப்போது யார், எவ்வழியாக, எப்போது வந்தார் என்ற பதிவுகளும் அழிந்துவிடுகின்றன. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் முறைப்பாடு செய்யும்போது கையில் காட்ட ஒன்றும் இருக்காது. முதலில் வங்கிக்கு அறிவித்துக் கொடுப்பனவுகளை நிறுத்தி, தளத்தைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்து, கோப்புகளையும் பதிவுகளையும் பிரதி செய்து வைத்துக்கொண்டு, பின்னர் பொலிஸாரிடமும் கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் ஸ்ரீலங்கா சேர்ட் அமைப்பிடமும் முறையிடலாம். பழைய காப்புப் பிரதியிலிருந்து தளத்தை மீட்பது அதற்குப் பிறகு செய்ய வேண்டிய வேலை. அந்தக் காப்புப் பிரதி அதே சேர்வரில் இருக்குமானால், அதுவும் ஊடுருவியவரின் கைபட்டதாகவே கருதப்பட வேண்டும்.