சாய்ந்த கடலை நிமிர்த்த ஒரு கோடு போதும்

நிலாவெளிக் கடற்கரையில் எடுத்த படத்தில் கடல் சாய்ந்திருந்தால், கிம்ப் (GIMP) என்ற படத்திருத்த மென்பொருளில் குத்துமதிப்பாகத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டாம். ஷிஃப்ட், எம் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் அளவிடும் கருவி வரும். கடலும் வானும் சேரும் கோட்டின் மேல் நீளமாக இழுத்துவிட்டு, ‘ஸ்ட்ரெயிட்டன்’ பொத்தானை அழுத்துங்கள். சாய்வை மென்பொருளே கணக்கிட்டுத் திருப்பிவிடும். திருப்பத் திருப்பப் படம் கொஞ்சம் மங்கும் என்பதால், ஒரே தடவையில் முடிவது நல்லது. அப்புறம் வெறுமையாகும் மூலைகளை வெட்டிவிடுங்கள்.

2.10.4க்கு முந்திய பதிப்புகளில் இந்தப் பொத்தான் இல்லை. திருகோணமலை உள்துறைமுகப் படங்களுக்கும் இது அவ்வளவாகச் சரிவராது. அங்கே தெரிவது அடிவானம் அல்ல, மறுகரை. அது நேராக எடுத்த படத்திலும் சாய்ந்து தெரியலாம். அப்போது படத்தின் நடுவில் நிற்கும் விளக்குக் கம்பத்தின் மேல் கோட்டை இழுங்கள்.