வேர் நீளத்தில் அரை மில்லிமீட்டர் எங்கே தவறுகிறது?

ஏலத்தோட்ட வேலைக்கு விடியும் முன்னே போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் இடுக்கிக்கு ஏறுகிறவர்கள் ஒரு நாள் கூலியை விட்டுத்தான் ரூட் கெனாலுக்கு உட்காருகிறார்கள். பல்வேரின் கால்வாயைச் சுத்தம் செய்ய வேண்டிய நீளத்தைத் தப்பாக எடுத்தால் அவர்களுக்கு இன்னும் சில நாள் கூலி போகும். அளவு குறைந்தால் நுனியில் அழுகிய திசு தங்கிப் பல் மறுபடி வீங்கும். கூடினால் ஃபைல் (கால்வாயைச் சுரண்டும் மெல்லிய கம்பி) எலும்பைக் குத்தும். கால்வாயைக் கழுவும் ஹைப்போகுளோரைட் வெளியே கசிந்தால் முகமே வீங்கிவிடும்.

நாம் தேடுவது எக்ஸ்ரேயில் தெரியும் நுனியை அல்ல. கால்வாய் மிகக் குறுகும் இடம் பெரும்பாலும் அதற்கு 0.5 முதல் 1 மி.மீ. முன்பே வந்துவிடும். கால்வாயின் துவாரம் வேரின் பக்கவாட்டில் திறந்திருந்தால் இடைவெளி இன்னும் கூடும். ஃபைல் இறங்கும்போது நோயாளி “சுருக்குன்னு இருக்கு டாக்டர்” என்றதும் நுனி வந்துவிட்டதாக எண்ணாதீர்கள். உயிருள்ள திசு மிச்சமிருந்தால் பாதி வழியிலேயே வலிக்கும்.

பழி நீளம் காட்டும் மெஷினான அபெக்ஸ் லொகேட்டர்மேல் விழுகிறது. தவறு பெரும்பாலும் ஃபைலில் நீளத்தைக் குறிக்கும் ரப்பர் ஸ்டாப்பரில் இருக்கிறது. கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஃபைல் நிற்கிறது. ஸ்டாப்பர் சாய்ந்து, ஒரு ஓரம் மட்டும் கஸ்பை (பல்லின் மேல்முகட்டை) தொடுகிறது. ஸ்கேலில் வைக்கும்போது கண் மறு ஓரத்தைப் படிக்கிறது. 19 என்பது 20 ஆகிவிடும். ஸ்டாப்பர் ஃபைலுக்கு நேர்குறுக்காக இருக்க வேண்டும். சொத்தை அரித்துத் தாங்கலில்லாமல் நிற்கும் கஸ்பை அளவுப்புள்ளியாக வைக்கவே கூடாது. அடுத்த சிட்டிங்குக்குள் உடைந்துவிடும். முதலிலேயே அதைத் தேய்த்துத் தட்டையாக்குங்கள். கேஸ் ஷீட்டில் நீளத்தோடு எந்தக் கால்வாய், எந்தக் கஸ்ப் என்பதும் இருக்கட்டும்.

வாய்ச்சவ்வுக்கும் பல்லைச் சுற்றிய தசைநாருக்கும் இடையிலான மின்தடை ஏறக்குறைய மாறாதது என்று 1962-ல் ஜப்பானின் சுனாடா காட்டியதிலிருந்து வளர்ந்ததுதான் அபெக்ஸ் லொகேட்டர். மின்சாரத்துக்குக் குறுக்கு வழி கிடைத்தால் அளவு கெடும். ஃபைல் பல்லை அடைத்த பழைய அமால்கம் உலோகத்தையோ உலோகக் கேப்பையோ தொட்டாலும், பல்லறையில் ஹைப்போகுளோரைட் குளமாக நின்றாலும், ஃபைல் உள்ளே நுழைந்ததுமே மெஷின் ‘அபெக்ஸ்’ (வேர்நுனி) என்று கத்தும். பல்லறையைப் பஞ்சால் ஒற்றிவிட்டுக் கால்வாயில் மட்டும் ஈரம் விடுங்கள். முழுக்கக் காய்ந்தாலும் சரியாகக் காட்டாது. அகலமான கால்வாயில் மெல்லிய 10-ம் நம்பர் ஃபைல் ஆடிக்கொண்டிருந்தால், சுவரில் லேசாகப் பிடிக்கும் தடித்த 20 அல்லது 25-க்கு மாறுங்கள். திரையில் வரும் 0.5 என்பது அரை மி.மீ. அல்ல. ‘அபெக்ஸ்’ வரை மெல்ல இறக்கி, ஸ்டாப்பரை அங்கே நிறுத்தி, அளந்து, அதிலிருந்து 0.5 மி.மீ. கழிக்க வேண்டும். நுனி மூடாத சிறுவர் பல்லில் இந்தக் கருவியை மட்டும் நம்பக் கூடாது.

ஆர்விஜி (டிஜிட்டல் பல் எக்ஸ்ரே) எடுக்கும்போது 8-ம் நம்பர் ஃபைலின் நுனி படத்தில் மறைந்துபோகும். 15 இருந்தால் தெரியும். மீசியல் (முன்பக்க வேரின்) கால்வாய் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், குழாயைச் சுமார் 20 டிகிரி பக்கவாட்டில் நகர்த்தி மறுபடி எடுங்கள். ஒன்றில் கே-ஃபைலும் மற்றதில் வேறு வடிவ எச்-ஃபைலும் வைத்தால் எது எதுவென்று குழப்பமே வராது.

வளைந்த வேரில் முதலில் எடுத்த அளவை வைத்தே கடைசி வரை ஃபைல் ஓட்டுவது பலர் செய்யும் தவறு. மேல்பகுதியை அகலமாக்கியதும் ஃபைல் நேர்வழியில் இறங்கும், நீளம் அரை மி.மீ. வரை குறையலாம். ஆகவே மேல்பகுதியை முதலில் திறந்துவிட்டு அளந்து, கால்வாயை அடைக்கும் கட்டாபெர்ச்சா வைக்கும் முன் மீண்டும் ஒரு முறை அளந்து பாருங்கள்.