ஆய்வுமுறைக் குறுங்காலப் பயிற்சி: தெரிவுசெய்வதும் பயன்பெறுவதும்

திருகோணமலையில் இறுதியாண்டு ஆய்வைத் தொடங்கும் பல்கலைக்கழக மாணவர்களும், மதிப்பீட்டு அறிக்கை எழுத வேண்டிய தொண்டு நிறுவன உத்தியோகத்தர்களும் சமூக விஞ்ஞான ஆய்வுமுறை பற்றிய மூன்று நாள், ஐந்து நாள் பயிற்சிகளை நாடுகின்றனர். அத்தனை குறுகிய காலத்தில் ஒருவர் ஆய்வாளராகிவிட முடியாது. ஆயினும் தமக்கென ஓர் ஆய்வு வினாவுடன் செல்பவருக்கு அந்த நாட்கள் மிகுந்த பயன் தரும். ஆகவே விண்ணப்பிப்பதற்கு முன்பே, அறிய விரும்புவதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ‘குச்சவெளி மீனவரின் வாழ்வாதாரம்’ என்பது தலைப்பு மட்டுமே. ‘வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் குச்சவெளி மீனவக் குடும்பங்கள் எவரிடம், எந்த நிபந்தனையில் கடன் பெறுகின்றன?’ என்பதே வினா. எவரை, எக்காலத்தில் சந்திக்க வேண்டும் என்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது.

அடுத்து, பயிற்சியின் நேர அட்டவணையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எத்தனை பேர் என்று அறிய விரும்புபவருக்கு மாதிரி எடுப்பும் (எல்லோருக்கும் பதிலாகக் கேட்கப்படும் சிலரைத் தெரிவுசெய்யும் முறை) வினாக்கொத்துத் தயாரிப்பும் தேவை. ஏன், எவ்வாறு என்று அறிய விரும்புபவருக்கு ஆழமான நேர்முகமும் அவதானிப்பும் தேவை. நாள் முழுவதும் எஸ்பிஎஸ்எஸ் (SPSS) என்ற புள்ளிவிபர மென்பொருளில் பொத்தான்களை அழுத்தக் கற்பிக்கும் பயிற்சியை நான் பரிந்துரைக்க மாட்டேன். மென்பொருளைப் பிறகும் பழகலாம், ஆர் (R) போன்ற புள்ளிவிபர மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பிழையாகக் கேட்ட கேள்விக்குக் கிடைத்த விடையை எந்த மென்பொருளாலும் திருத்த முடியாது. ஒரு நாளாவது களத்துக்கு அழைத்துச் செல்லும், உங்கள் வினாக்கொத்தை வளவாளர் வரிக்கு வரி வாசித்துக் கருத்துச் சொல்லும் பயிற்சியைத் தெரிவுசெய்யுங்கள்.

மாதிரியின் அளவு பற்றிய அமர்வில் கூடுதல் கவனம் தேவை. 384 பேர் போதும் என்று பலர் மனப்பாடமாகச் சொல்வர். பெரிய சனத்தொகையில் எழுமாறாக, அதாவது குலுக்கல் போல எவருக்கும் சம வாய்ப்புத் தந்து தெரிவுசெய்து, 95 சதவீத நம்பிக்கை மட்டத்தில் 5 சதவீத வழு எல்லையுடன் (நூறு முறை இவ்வாறு மாதிரி எடுத்தால் ஏறத்தாழ 95 முறை விடை உண்மையிலிருந்து 5 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் விலகாது என்ற அளவில்) ஒரு விகிதத்தை மதிப்பிடும்போதே அந்த எண் பொருந்தும். 300 குடும்பங்களே உள்ள கிராமத்தில் அதே கணக்கு ஏறத்தாழ 169 குடும்பங்களைத்தான் கோரும். மேலும், வீதியோரத்தில் கண்டவர்களையெல்லாம் கேட்டால் ஆயிரம் பேரைக் கேட்டாலும் அது எழுமாற்று மாதிரி ஆகாது. தெரிவுக்கான பெயர்ப்பட்டியலை எங்கே பெறுவது, அதில் எவர் விடுபட்டிருப்பர் என்பதை வளவாளரிடம் கட்டாயம் கேளுங்கள். வாக்காளர் இடாப்பை மட்டும் நம்பினால், மீன்பிடிப் பருவத்தில் மேற்குக் கரையிலிருந்து வந்து தங்கும் மீனவர் அதில் இருக்க மாட்டார்கள்.

தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் மாவட்டத்தில் வினாக்கொத்து தமிழ், சிங்களம் ஆகிய இரு மொழிகளிலும் ஒரே பொருளைத் தர வேண்டும். ஒருவர் மொழிபெயர்த்ததை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவரைக் கொண்டு மூல மொழிக்கே திரும்ப மொழிபெயர்த்து, அதை மூலத்துடன் ஒப்பிடுவதே இதற்கான வழக்கமான வழி. ‘உர மானியமும் கடனுதவியும் உங்களுக்குப் பயனளித்தனவா?’ போன்ற கேள்விகளை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ஒன்று பயனளித்து மற்றது பயனளிக்காதவர் இதற்கு எவ்வாறு விடை சொல்வார்?

ஆய்வு ஒழுக்கத்துக்கு அரை மணி நேரமே ஒதுக்கியிருந்தால், கூடுதல் நேரம் கேளுங்கள். 2004 ஆழிப்பேரலையையும் 2006 இடப்பெயர்வையும் கண்ட மூதூர், சம்பூர் மக்களிடம் இழப்பைப் பற்றிக் கேட்பதாயின், உங்கள் வினாவுக்கு அது உண்மையிலேயே தேவைதானா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். பதிலளித்தால் நிவாரணம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு எழாதவாறு நோக்கத்தைத் தெளிவாகச் சொல்லி, மறுக்கும் உரிமை உண்டு என்பதையும் கூறிச் சம்மதம் பெறுங்கள். கிராம உத்தியோகத்தருக்கு முன்கூட்டியே அறிவிப்பது முறை. ஆனால் அவரை வீட்டுக்கு வீடு உடனழைத்துச் சென்றால், நலன்புரிக் கொடுப்பனவு பற்றிய பதில்கள் மாறிவிடும்.

பயிற்சி முடிந்த ஒரு வாரத்துக்குள், கற்றவை மறக்குமுன், ஐந்தாறு பேரிடம் வினாக்கொத்தை முன்னோடிச் சோதனை செய்யுங்கள். அவர்கள் தயங்கிய இடங்களையும் திருப்பிக் கேட்ட சொற்களையும் குறித்துத் திருத்தி, அந்தக் குறிப்புகளுடனேயே வளவாளருக்கு அனுப்பிக் கருத்துப் பெற்ற பின் முழு ஆய்வைத் தொடங்குங்கள்.