கேம் திணறுகிறதா? கிராபிக்ஸ் கார்டை மாற்றுவதற்கு முன் டிஸ்க்கைச் சோதியுங்கள்

கேம் திணறத் தொடங்கியதும் பெரும்பாலோர் சந்தேகப்படுவது கிராபிக்ஸ் கார்டைத்தான். ஆனால், கேமின் கோப்புகள் இருக்கும் டிஸ்க் மெதுவாகவோ பழுதாகவோ இருந்தால், எவ்வளவு விலை கொடுத்துப் புதிய கார்டு வாங்கிப் போட்டாலும் அந்தத் திணறல் போகாது. எனவே, செலவு செய்வதற்கு முன் கோளாறு எங்கே இருக்கிறது என்பதை நீங்களே கண்டறியும் வழியை வரிசையாகச் சொல்கிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இதைச் செய்யலாம்.

முதல் படி: திணறலின் வகையைப் பிரித்தறிதல்

கேம் எங்கே போனாலும் ஒரே சீராக மெதுவாக ஓடுகிறதா, அல்லது நன்றாக ஓடிக்கொண்டிருந்து, புதிய இடத்துக்குள் நுழையும்போது மட்டும் அரை நொடி உறைந்து நின்று பிறகு தொடர்கிறதா என்று கவனியுங்கள். கேமின் ரெசல்யூஷனைக் குறைத்ததும் வேகம் கூடினால், அது கிராபிக்ஸ் கார்டின் சுமை. குறைத்த பிறகும் அதே இடங்களில் உறைந்தால், டிஸ்க்கின் பக்கம் திரும்ப வேண்டும். மானிட்டரின் கேபிள் மதர்போர்டில் அல்லாமல் கிராபிக்ஸ் கார்டில்தான் செருகப்பட்டிருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

புதிய இடங்களில் வரும் திணறலுக்கு ஷேடர்கள் (கிராபிக்ஸ் கார்டு காட்சியை வரையப் பயன்படுத்தும் சிறு நிரல்கள்) தயாராவதும் காரணமாக இருக்கலாம். கணினியை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, அதே இடத்துக்கு மறுபடியும் செல்லுங்கள். தயாரான ஷேடர்கள் டிஸ்க்கில் சேமிக்கப்பட்டிருக்கும் என்பதால் அந்தத் திணறல் பெரும்பாலும் திரும்ப வராது. டிஸ்க்கால் வரும் திணறலோ ஒவ்வொரு முறையும் வரும்.

இரண்டாம் படி: டாஸ்க் மேனேஜரைப் பார்த்தல்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குச் சென்று, கேம் இருக்கும் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து வைத்துவிட்டு விளையாடுங்கள். திணறியவுடன் ஆல்ட், டேப் விசைகளை அழுத்தி வெளியே வாருங்கள். அங்குள்ள வரைபடம் கடந்த 60 நொடிகளைக் காட்டும் என்பதால், திணறிய நேரத்தில் என்ன நடந்தது என்பது அதில் பதிவாகியிருக்கும். டிஸ்க் வேலையாக இருந்த நேரத்தைக் காட்டும் ஆக்டிவ் டைம் அந்த வரைபடத்தில் 100 சதவீதத்தைத் தொட்டு, கீழே எண்ணாகத் தெரியும் ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் (டிஸ்க் பதிலளிக்க எடுக்கும் சராசரி நேரம்) நூற்றுக்கணக்கான மில்லி நொடிகளுக்கு ஏறியிருந்தால், கேம் டிஸ்க்குக்காகக் காத்திருந்தது என்று பொருள்.

இதன் காரணம் எளிமையானது. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஹார்டு டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கே 8.3 மில்லி நொடி ஆகும். படிக்கும் முனை நகரும் நேரத்தையும் சேர்த்தால், ஒரு சிறு துண்டைத் தேடி எடுக்கவே பத்து மில்லி நொடிக்கு மேல் ஆகிவிடும். நொடிக்கு 60 ஃப்ரேம் ஓட வேண்டுமானால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லி நொடிதான். ஒரே சமயத்தில் நூறு துண்டுகளைக் கேட்கும் கேமுக்கு, நன்றாக இருக்கும் ஹார்டு டிஸ்க்காலும் ஈடுகொடுக்க முடியாது. 2023ஆம் ஆண்டு வெளிவந்த ஸ்டார்ஃபீல்டு போன்ற கேம்கள் எஸ்எஸ்டி (சுழலும் பாகமே இல்லாத வேகமான டிஸ்க்) கட்டாயம் என்று குறிப்பிடுவதும் இதனால்தான்.

இங்கே அவசரப்பட வேண்டாம். அதே பகுதியில் மெமரியையும் பாருங்கள். ரேம் ஏறக்குறைய முழுவதும் நிரம்பியிருந்தால், விண்டோஸ் டிஸ்க்கையே ரேம் போலப் பயன்படுத்தத் தொடங்கும். அப்போது டிஸ்க் 100 சதவீதம் காட்டினாலும் உண்மையான குறை ரேமில்தான் இருக்கிறது.

மூன்றாம் படி: டிஸ்க்கின் உடல்நிலையை அறிதல்

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவித் திறந்தால், ஒவ்வொரு டிஸ்க்கும் தன்னைப் பற்றிப் பதிந்து வைத்திருக்கும் ஸ்மார்ட் விவரங்கள் வரிசையாகத் தெரியும். ஹார்டு டிஸ்க்கானால் மூன்று வரிகளைக் கவனியுங்கள். 05 என்பது பழுதாகி, மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டர்களின் (டிஸ்க்கில் தரவு பதியும் சிறு பகுதிகளின்) எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் செக்டர்கள். கேம் உறைவதற்கு இவை நேரடிக் காரணமாகலாம், ஏனெனில் அத்தகைய செக்டரை டிஸ்க் திரும்பத் திரும்பப் படிக்க முயன்றுகொண்டே இருக்கும். சி7 என்பது கேபிள் வழியே தரவு செல்லும்போது நேர்ந்த பிழைகள். சி7 மட்டும் ஏறிக்கொண்டிருந்தால், பெரும்பாலும் டிஸ்க்கை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றினாலே போதும். பழைய எண்ணிக்கை அழியாது. மாற்றிய பிறகு கூடாமல் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

இந்த எண்கள் பதினாறை அடிமானமாகக் கொண்ட (ஹெக்ஸாடெசிமல்) முறையில் காட்டப்படும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். சி5 வரியின் கடைசியில் 18 என்று இருந்தால், அது உண்மையில் 24 (16 + 8) செக்டர்கள்.

நான்காம் படி: முதலில் நகல், பிறகுதான் பழுதுநீக்கல்

இதை மட்டும் தயவுசெய்து வரிசை மாற்றாமல் செய்யுங்கள். 05 அல்லது சி5 வரியில் பூஜ்ஜியத்துக்கு மேல் எண் இருந்தால், புகைப்படங்கள், ஆவணங்கள், கேமின் சேவ் கோப்புகள் ஆகியவற்றை உடனே வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். டிஸ்க் முழுவதையும் படித்துப் பழுதுநீக்கும் செக்டிஸ்க்கையோ, சிதறிய கோப்புகளை ஒழுங்குபடுத்தும் டிஃப்ராக்மென்ட்டையோ அதற்கு முன் ஓடவிட்டால், ஏற்கெனவே தளர்ந்திருக்கும் டிஸ்க் பல மணி நேரம் இடைவிடாமல் உழைக்க நேரும். அந்த உழைப்பிலேயே அது முற்றிலும் நின்றுபோகக்கூடும். கேமை மறுபடியும் தரவிறக்கிக்கொள்ளலாம், குடும்பப் படங்களை முடியாது. எண்கள் வாராவாரம் கூடிக்கொண்டே போனால், அந்த டிஸ்க்கை இனி நம்ப வேண்டாம்.

ஐந்தாம் படி: எஸ்எஸ்டி என்றால்

எஸ்எஸ்டியும் திணறும். அது விளிம்புவரை நிரம்பியிருப்பது ஒரு காரணமாக இருக்கலாம். 10 முதல் 20 சதவீதம் வரை காலியாக வைத்திருங்கள். கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் பொருத்தப்பட்ட என்விஎம்இ டிரைவ் (மதர்போர்டிலேயே நேரடியாகச் செருகும் வேகமான எஸ்எஸ்டி) அளவுக்கு மீறிச் சூடானால், தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விளையாடும்போது அதன் வெப்பம் 70 டிகிரியைத் தாண்டினால், வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்க் பொருத்துவது நல்லது.

ஆறாம் படி: கேமை இடம் மாற்றிச் சோதித்தல்

ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் கேமை எஸ்எஸ்டிக்கு மாற்ற, கேம்களை வாங்கி நிறுவப் பயன்படும் ஸ்டீம் மென்பொருளில் அந்தக் கேமின் பெயரை வலச் சொடுக்கி, ப்ராப்பர்ட்டீஸ் வழியே இன்ஸ்டால்டு ஃபைல்ஸ் பகுதிக்குச் சென்று, மூவ் இன்ஸ்டால் ஃபோல்டர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். மாற்றியதும் கோப்புகளைச் சரிபார்க்கும் வசதியையும் அங்கேயே ஒருமுறை ஓடவிடுங்கள். பழுதான டிஸ்க்கிலிருந்து வந்த கோப்புகளில் சில சிதைந்திருக்கலாம். ஸ்டீம் அவற்றை மட்டும் புதிதாகத் தரவிறக்கிக்கொள்ளும். புதிதாக எஸ்எஸ்டி வாங்குவதானால், ஹார்டு டிஸ்க்கிலிருந்து மாறுபவர்களுக்கு நொடிக்கு 500 எம்பி அளவில் படிக்கும் சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே பெரிய மாற்றத்தைத் தரும் என்பது என் கருத்து. பிறகு, முன்பு உறைந்த அதே இடத்துக்குச் சென்று, டாஸ்க் மேனேஜரை மறுபடியும் பாருங்கள். ரெஸ்பான்ஸ் டைம் சில மில்லி நொடிகளாகக் குறைந்தும் திணறல் நீடித்தால், அப்போது பிராசசரையும் கிராபிக்ஸ் கார்டையும் சோதிக்கத் தொடங்கலாம்.