புது கேம் கன்சோலுக்குப் பெரிய போட்டியில் டிவி விளம்பரம்: எப்போது, எப்படி?
விளம்பரம் ஆளைக் கடைவரை கொண்டுவரும். வாங்க வைப்பது கூடவே வரும் விளையாட்டுகள்தான். அதனால் கன்சோலும் விளையாட்டுகளும் கடைக்கு வரும் தேதியை முதலில் கவனியுங்கள். நின்டெண்டோ ஸ்விட்ச் விளம்பரம் அமெரிக்காவில் 2017 பிப்ரவரி 5 அன்று சூப்பர் பவுல் (அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப்போட்டி) ஆட்டத்தின்போது வந்தது. கன்சோல் மார்ச் 3 அன்று விற்பனைக்கு வந்தது. இடைவெளி 26 நாள்தான். பல மாதம் முன்பே போட்டால் ஆர்வம் ஆறிவிடும். சரக்கு தீர்ந்த நேரத்தில் போட்டால் அவ்வளவு பணமும் வீண்.

30 வினாடியில் ஒன்றை மட்டும் காட்டுங்கள். டிவியில் ஓடும் வீடியோ கேம், ஸ்விட்ச் கன்சோலை டாக்கிலிருந்து (டிவியோடு இணைக்கும் தாங்கி) எடுத்ததும் கையில் அப்படியே தொடர்கிறது: கூச்சல் நிறைந்த அறையில் ஒலி கேட்காவிட்டாலும் இது புரியும். பிராசஸர், மெமரி விவரமெல்லாம் அங்கே எடுபடாது. இணையத்துக்கான நீண்ட பதிப்பில் வையுங்கள். முன்பதிவுப் பக்கம் அன்றிரவே திறந்திருக்கட்டும், நெரிசலைத் தாங்குமா என்று முன்பே சோதித்துவிட்டு.